மர்டீனா கணப்பை அணைத்த நாள்

மர்டீனா மக்காஸ்கில் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். லூயிஸ் தீவின் மேற்குக் கரையில் அவளிடம் திட்டு வாங்காமல் படிப்பை முடித்தவர் யாரும் இல்லை. எடின்பரோவில் பெரிய வேலையில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட ஊருக்கு வரும்போது அவள் எதிரே வந்தால் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். குரல் அப்படி. ஆள் என்னவோ சின்ன உருவம்தான். சீட்டில் இரண்டு மெத்தையைப் போட்டு உட்கார்ந்தால்தான் ரோடே தெரியும்.

ஒரு சமயம் பாலக்ரேக் ஊரின் கடற்கரைச் சாலையில் கடைசி மூன்று வீடுகளுக்கு பஸ் போக வேண்டாம், பிள்ளைகள் மெயின் ரோடுவரை நடந்து வரட்டும் என்று மேலே யாரோ முடிவெடுத்தார்கள். முடிவெடுத்தவர் ஜனவரியில் அந்தச் சாலையில் நடந்திருக்க மாட்டார். மர்டீனா வாக்குவாதம் எதுவும் பண்ணவில்லை. மறுநாளும் கடைசி வீடுவரை ஓட்டினாள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அதை பஸ் ஜன்னலில் ஒட்டினாள். அடுத்தது வந்தது, அடுத்த ஜன்னலில் ஒட்டினாள். பிள்ளைகள் உரக்க வாசித்துச் சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனார்கள். வெளிச்சத்துக்கு ஜன்னல் குறைய ஆரம்பித்ததும் மேலிடம் கடிதம் போடுவதை நிறுத்திக்கொண்டது.

கல்யாணம் கட்டவில்லை. கேட்டவன் ஒருத்தன் இருந்தான், அவனுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது என்று வேண்டாம் என்றுவிட்டதாகச் சொல்வாள். அது உண்மையா என்று மறுபடி கேட்கும் தைரியம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

இப்படி எவனுக்கும் அஞ்சாதவளுக்கு எழுபது தாண்டியபின் வீட்டுக்குள்ளேயே ஒரு எதிரி வந்து சேர்ந்தது. குளிர். வீடு அவள் அப்பா கட்டியது. சுவர் கனமாக இருக்குமே தவிர, கடல்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிற வழியில் அவளையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் போகும். எண்ணெயில் ஓடிய பழைய பாய்லர் இரண்டு குளிர்காலத்துக்கு முன்பே செத்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்க அவள் பென்ஷன் காணாது. மிச்சம் சமையலறைக் கணப்பு ஒன்றுதான். அதில் எரிக்கிற பீட் கட்டிக்குச் சதுப்பில் இறங்கி மண்ணை வெட்ட வேண்டும், காயப்போட வேண்டும், சுமந்து வர வேண்டும். முப்பது வருஷ ஸ்டீரிங் தின்ற தோளால் அது ஆகிற காரியமில்லை. மூட்டையாக வாங்கி, கஞ்சத்தனமாக எரித்தாள். படுக்கையறையில் மூச்சு புகையாக வந்தது. அதனால் கணப்புப் பக்கத்து நாற்காலியிலேயே கோட்டும் தொப்பியுமாகத் தூங்கினாள். இது அவளுக்கும் நாற்காலிக்கும் மட்டுமே தெரியும். யாராவது கேட்டால், "சமாளிச்சுக்கறேன்" என்பாள்.

போன பிப்ரவரியில் சமாளிக்க முடியவில்லை. நிமோனியா. ஸ்டோர்னோவே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

அவள் தங்கை இஷ்பெல் அந்த டவுனிலேயே இருக்கிறவள். புருஷன் போய்விட்டார், மகன் பக்கத்துத் தெரு. தேவாலயம் அவளுக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை கொடியில் துணி கிடந்தால் அது அடுத்த வீட்டுத் துணியாக இருந்தாலும் அவளுக்குத் தூக்கம் வராது. பொய் என்பது ஆகவே ஆகாது. மூன்று வயதுப் பேரனிடம், கிறிஸ்துமஸ் தாத்தா என்று ஒருவர் கிடையாது, பொம்மை வாங்கியது உன் அப்பன் என்று உடைத்துச் சொல்லி, மருமகளை ஒரு வாரம் முகத்தைத் திருப்ப வைத்தவள். அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் சொன்னதைக் கேட்டியா? இன்னொரு குளிர்காலம் அந்த வீட்டுல இருந்தா ஆளு தேறாதுன்னு சொல்றார்."

"அவருக்கு வேற என்ன வேலை."

"எங்க தெருவுக்குப் பின்னாடி முதியோர் குடியிருப்புல ஒரு ரூம் காலியாகப் போகுது. நல்ல சூடு. உன் பேரை எழுதி வெச்சுட்டேன்."

"போய் அந்தப் பேரை அடிச்சுட்டு வா."

"மர்டீனா, நான் உன்னைப் புதைக்கிறதுக்குத் தயாரா இல்ல. புத்தாண்டுக்குள்ள உன் வீட்டுல ஒழுங்கா சூடு வந்தா சரி. வரலைன்னா மறுபேச்சில்லாம நீ கிளம்பி வரணும். வாக்கு குடு."

கையை நீட்டினாள். மர்டீனா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துவிட்டுப் பிடித்தாள். எங்கள் தீவில் கையெழுத்துப் போட்டதிலிருந்துகூட நழுவிக்கொள்வார்கள், கையைப் பிடித்துச் சொன்னதிலிருந்து யாரும் நழுவியதில்லை. அந்தக் குடியிருப்பு அவளுக்குத் தெரியும். கூட பஸ் ஓட்டிய ஒருத்தி அங்கே இருந்தாள். ஜன்னலைத் திறக்க ஆளைக் கூப்பிட வேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே ராத்திரிச் சாப்பாடு, செவ்வாய்க்கிழமை கைதட்டிப் பாட வேண்டும். சூடு இருந்தது, வாஸ்தவம். கோழிக் குஞ்சு பொரிக்கிற பெட்டியிலும்தான் சூடு இருக்கிறது என்று மர்டீனா நினைத்தாள்.

அந்தக் கோடையில் மானியச் செய்தி வந்தது. வருமானம் குறைந்தவர்கள், சொந்த வீட்டில் இருப்பவர்கள், அவர்களுக்கு ஹீட் பம்ப் வைத்துக் கொடுப்பார்கள், முழுச் செலவும் அரசாங்கத்துடையது. வெளிச் சுவரோரம் ஒரு பெட்டி. எவ்வளவு குளிர்ந்த காற்றாக இருந்தாலும் அதிலிருந்து சூட்டைப் பிழிந்து வீட்டுக்குள் தள்ளுமாம்.

"காத்துலேர்ந்து சூடா? அப்படின்னா நாம எல்லாரும் கோடீஸ்வரங்க," என்றான் டார்கில். எதிர்வீட்டுக்காரன், மீன்பிடிப் படகில் வேலை பார்த்து ஓய்ந்தவன், பள்ளிக்கூடத்தில் மர்டீனாவோடு ஒரே பெஞ்ச்.

அவள் வீட்டுச் சாலையில் இருந்த பத்து வீட்டிலிருந்தும் விண்ணப்பம் போனது. நிபந்தனை ஒன்றுதான். ஆய்வாளர் வந்து பார்த்து, இந்த வீட்டில் சூடு போதவில்லை என்று எழுத வேண்டும்.

அக்டோபரில் ஆய்வாளர் வந்தார். இன்வெர்னெஸ் ஊர்க்காரர், ஃப்ரேசர் என்று பெயர், பார்த்தால் அம்மாவிடம் சண்டை போடாத முகம். அவர் வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து மர்டீனாவுக்கு ஒரே கவலை. முன்பின் தெரியாத ஆள், அதுவும் கடல் தாண்டி வருகிறார். அணைந்த கணப்போடு விருந்தாளியை உள்ளே கூப்பிடுவது எங்கள் தீவில் இரவு உடையோடு தேவாலயத்துக்குப் போவது மாதிரி. இரண்டு வாரத்துக்கு வைத்திருந்த பீட்டை ஒரே காலையில் எரித்தாள். டார்கிலிடம் ஒரு எலெக்ட்ரிக் ஹீட்டர் இரவல் வாங்கிப் படுக்கையறையில் வைத்தாள். ஸ்கோன் ரொட்டி சுட்டாள். நாற்காலிமேல் கிடந்த போர்வையையும் தொப்பியையும் அலமாரிக்குள் திணித்து மூடினாள். பூஞ்சணம் பிடித்த சுவரில் காலண்டரை மாட்டினாள்.

ஃப்ரேசர் வந்தார், கோட்டைக் கழற்றினார், கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரையும் கழற்றினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டே சூடு அளக்கிற மீட்டரைப் பார்த்தார்.

"வீட்டைச் சூடா வெச்சுக்கறது கஷ்டமா இருக்குங்களா?"

"சே, அதெல்லாம் இல்ல தம்பி. சமாளிச்சுக்கறேன். வெண்ணெய் இன்னும் கொஞ்சம் தடவிக்க."

"நிஜமாவா? குளிர்காலத்துல?"

"குளிர்காலம்னா குளிரத்தான் செய்யும். எங்களைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனையோ பேர். இன்னொண்ணு எடுத்துக்க."

அவர் கிளம்பும்போது வழிக்கு நாலு ஸ்கோனைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். நல்ல பிள்ளை, நிச்சயம் நல்லபடியாக எழுதுவான் என்று நினைத்தாள். அவரும் நல்லபடியாகத்தான் எழுதினார். வீட்டில் போதுமான சூடு இருக்கிறது, குடியிருப்பவருக்குச் சிரமம் ஏதும் இல்லை, மானியம் தேவைப்படவில்லை என்று நவம்பரில் பதில் வந்தது. மர்டீனா போனை எடுத்தாள்.

"தம்பி, நான் மர்டீனா பேசறேன். ஸ்கோன் தின்னியே, அந்த வீடு."

"ஞாபகம் இருக்குங்க. ஸ்கோன் பிரமாதம்."

"தின்னுட்டு என்னத்த எழுதி வெச்ச?"

"மீட்டர் காட்டினதையும் நீங்க சொன்னதையும் எழுதினேன். சமாளிச்சுக்கறேன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் ரெண்டாவது தடவையும் கேட்டேன்."

"அது சும்மா பேச்சுக்குச் சொல்றது."

"பேச்சுக்குச் சொல்றதை எழுத எங்கிட்ட கட்டம் இல்லைங்களே. உங்க தெருவுலயே எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. எல்லா வீடும் நல்ல சூடு. எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி ஹீட்டர் வேற, சிவப்பு டேப் ஒட்டினது. மொத்தமா வாங்கினீங்களா?"

மர்டீனா போனை வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனாள். டார்கில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்த ஹீட்டர் யாருதுய்யா?"

"எந்த ஹீட்டர்?"

"மழுப்பாத. நீ எனக்குக் குடுத்தது."

டார்கில் வானொலியை அணைத்தான். "தேவாலயத்துப் பின்னறையில இருந்தது. எல்லாருக்கும் வேணும்னாங்க. நீ அவனுக்கு டீ ஊத்திக்கிட்டு இருக்கும்போதே பின்வாசல் வழியா நான் எடுத்துட்டுப் போனேன், தள்ளுவண்டியில போட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன். பாவம், கடைசி வீட்டுக்குப் போறதுக்குள்ள எனக்கே வேர்த்துக் கொட்டிடுச்சு. இந்த வருஷத்துல நான் சூடு கண்ட நாள் அது ஒண்ணுதான்."

"உனக்கும் இல்லைன்னுட்டாங்களா?"

"பத்து பேருக்கும்தான். நாம எல்லாரும் வெயில்ல வாழறவங்களாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் இருமல் வந்தது, இருமி முடித்தபோது கோபம் மட்டும் மிச்சம் இருந்தது. அலுவலகத்தின் மேல் பாதி, தன் மேல் பாதி. விறைத்துச் சாகக் கிடக்கிற பத்து வீடும் ஒரு ஹீட்டரைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கௌரவத்தைக் காப்பாற்றியிருக்கிறது. இதைவிடக் கேவலம் உலகத்தில் எங்காவது நடக்குமா என்று அவளுக்கு மனசு ஆறவில்லை. கேட்பது அவமானம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டார்கள். கேளுங்கள் என்று அரசாங்கமே கூப்பிட்டது, அப்போதும் வாயைத் திறக்கவில்லையே.

"மறுபடி வரச்சொல்றேன்," என்றாள். "இந்தத் தடவை ஒருத்தரும் கணப்பு மூட்டக்கூடாது. முதல்நாள் சாயங்காலமே அணைச்சுடணும். கேட்டா உள்ளதைச் சொல்லணும். ஸ்கோன் கிடையாது. டீயும் கிடையாது."

"டீ கிடையாதா?"

"கணப்பு இல்லாம கெட்டிலை எங்க வைப்ப? தலைமேலயா?"

"அது வேற, மர்டீனா. குளிர்ல உக்காருன்னா உக்காந்துடறேன். வீட்டுப் படியேறி வந்தவங்களுக்கு ஒரு வாய் டீ குடுக்காம அனுப்பறதா? என் கல்லறையில வந்து துப்புவாங்க."

"குளிர்லயே கிட, சீக்கிரம் வந்து துப்புவாங்க."

மற்ற வீடுகளுக்கும் காரில் போய்ச் சொன்னாள். எல்லோரும் குளிருக்குத் தலையாட்டினார்கள், டீக்குத்தான் தகராறு பண்ணினார்கள். பழைய பஸ் குரலை எடுத்த பிறகுதான் ஒவ்வொருத்தராக வழிக்கு வந்தார்கள். அலுவலகத்துக்குத் தினம் போன் போட்டாள். அவள் இருமல் சத்தத்தைக் கேட்டே அங்கே ஆளை அடையாளம் கண்டுகொண்டார்கள். கடைசியில் ஃப்ரேசரின் மேலதிகாரியே வருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் மர்டீனா வீட்டுக்கு மட்டும். மற்றவை முடிந்துபோன விஷயம். மர்டீனா அதை யாரிடமும் சொல்லவில்லை. பத்து வீட்டுக் கணப்பையும் அணைக்கச் சொல்லிவிட்டாள்.

டிசம்பர் நடுவில், ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்த ஒரு காலையில், அதிகாரிக்கு முன்னால் இஷ்பெல் வந்து சேர்ந்தாள். கையில் காலி அட்டைப் பெட்டிகள். புத்தாண்டு நெருங்குகிறதே, கட்டவேண்டியதைக் கட்ட ஆரம்பிக்கலாம் என்று வந்திருந்தாள். சமையலறைக்குள் காலை வைத்தவள் அப்படியே நின்றாள். கணப்பில் சாம்பல்கூட இல்லை, துடைத்து வைத்திருந்தது. நாற்காலியில் போர்வையும் தொப்பியும் கிடந்தன. சுவரில் காலண்டர் இல்லை.

"உனக்குப் புத்தி கலங்கிப்போச்சா? இந்தச் சளி நெஞ்சை வெச்சுக்கிட்டு இப்படி உக்காந்திருக்க. நகரு, நான் மூட்டறேன்."

"கையை வெச்ச, கை இருக்காது."

அந்தச் சண்டை முடிவதற்குள் கதவு தட்டப்பட்டது. மேலதிகாரி மிஸஸ் லாரிமர் உயரமான பொம்பளை, நல்ல கோட்டு. பின்னால் ஃப்ரேசர், மீட்டர் பெட்டியோடு. உள்ளே வந்தவள் வழக்கப்படி கோட்டுப் பட்டனில் கையை வைத்தாள், பிறகு அதை அப்படியே விட்டுவிட்டாள். நாலு பேர் மூச்சும் மேஜைக்கு மேலே புகையாக நின்றது. கெட்டில் அணைந்த கணப்பு மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. மர்டீனா தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இல்லாவிட்டால் அவை தானாக எழுந்துபோய் டீ போட்டுவிடும்போல இருந்தது.

ஃப்ரேசர் மீட்டரைப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மறுபடி பார்த்தார். மேலதிகாரியிடம் காட்டினார்.

"மிஸ் மக்காஸ்கில், வீட்டைச் சூடா வெச்சுக்கறது உங்களுக்கு எப்படி இருக்கு?"

மர்டீனா வாயைத் திறந்தாள். "சமா" வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். எச்சரிக்கைக் கடிதங்களை ஜன்னலில் ஒட்டியது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. இது அப்படி இல்லை.

"முடியல," என்றாள். "என்னால முடியல. அந்த நாற்காலியிலதான் தூங்கறேன், ரெண்டு வருஷமா. படுக்கையறையில கால் வெக்க முடியாது. பீட் கட்டியை எண்ணி எண்ணிப் போடறேன். சாயங்காலம் போடணும்னா காலையில போடறதில்ல. ஜனவரி முழுக்க நான் குளிச்சதில்ல, துணி அவுக்கப் பயம். போன குளிர்காலத்துல சாகக் கிடந்தேன். இந்தத் தடவையும் பயமாத்தான் இருக்கு. போதுமா? எழுதிக்கங்க."

ஃப்ரேசர் எழுதினார். இஷ்பெல் அட்டைப் பெட்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"போதும்," என்றாள் மிஸஸ் லாரிமர். "உங்க விண்ணப்பத்தை நான் இங்கயே அனுமதிக்கிறேன். உங்க உடம்பு நிலைமையைக் காட்டி முன்னுரிமை போட எனக்கு அதிகாரம் இருக்கு. தயவுசெஞ்சு இப்ப கணப்பை மூட்டுங்க."

"மத்த ஒன்பது வீடு?"

"அதெல்லாம் மூடின கோப்பு. அடுத்த வருஷம் புதுசா விண்ணப்பிக்கலாம்."

"அடுத்த வருஷம் எத்தனை பேர் இருப்பாங்கன்னு நீங்க எழுதித் தருவீங்களா? அவங்களும் என்னை மாதிரிதான் பொய் சொன்னாங்க. என் பொய்யை மன்னிச்சா அவங்களதையும் மன்னிக்கணும். நடந்து போய்ப் பாருங்க, இன்னைக்கு ஒரு வீட்டுலயும் புகை வரல. பாக்கமாட்டீங்கன்னா என் பேரையும் அடிச்சுடுங்க."

"அடிக்காதீங்க," என்று இஷ்பெல் குறுக்கே பாய்ந்தாள். "அவ பேச்சைக் கேக்காதீங்க. மர்டீனா, வீம்புக்கும் ஒரு அளவு இருக்கு. கைக்கு வந்ததை வாங்கிக்க. வாங்கலைன்னா நீ எங்க போகணும்னு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு. போறேன். என் வீட்டுச் சுவத்துல மட்டும் ஒரு பெட்டி ஓடிக்கிட்டு இருக்க, எதுத்தாப்ல டார்கில் விறைச்சுக் கிடக்கறதை ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றியா? அதுக்கு உன் குடியிருப்பே தேவலாம். அங்க ஜன்னலாவது மூடியிருக்கும்."

மிஸஸ் லாரிமர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "எனக்கு ஃபெர்ரிக் கப்பலுக்கு நேரமாகுது."

"காத்தைக் கேளுங்க. ஃபெர்ரி இன்னைக்குப் போகாது, நாளைக்கும் சந்தேகம். உங்களுக்கு நேரம் நிறைய இருக்கு."

ஃப்ரேசர் போனில் பார்த்துவிட்டு மெல்லத் தலையாட்டினார். மிஸஸ் லாரிமர் அவரை முறைத்தாள், மர்டீனாவை முறைத்தாள், பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, ஃப்ரேசர் மீட்டர் பெட்டியோடு பின்தொடர, வெளியே போனாள். போகிற வேகத்தில் கோபம் தெரிந்தது. எந்தப் பக்கம் போகிறாள் என்று ஜன்னலிலிருந்து பார்த்தார்கள். டார்கில் வீட்டுப் பக்கம்தான் திரும்பினாள்.

அக்கா தங்கை இருவரும் குளிரில் உட்கார்ந்திருந்தார்கள். இஷ்பெல் அட்டைப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருஷமா நாற்காலியில தூங்கற. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எவளோ ஒருத்திகிட்ட சொல்ற."

"அவ கேட்டா. நீ கேக்கல. நேரா ரூமுக்குப் பேர் எழுதி வெச்சுட்ட."

இஷ்பெல் கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்கவில்லை. போர்வையின் ஒரு ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மீதியைத் தன் மடிமேலும் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மிஸஸ் லாரிமர் திரும்பி வந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மூக்கு சிவந்திருந்தது. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"எதிர்வீட்டு மனுஷர் எனக்கு டீ குடுத்தார்."

மர்டீனா எழுந்துவிட்டாள். "கெடுத்தானா? மூட்டாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"அவர் எதையும் மூட்டல. நேத்து சாயங்காலம், கணப்பை அணைக்கறதுக்கு முன்னாடியே போட்டு வெச்சிருக்கார். நல்ல பீங்கான் கோப்பை, அடியில தட்டு. ஐஸ் மாதிரி இருந்தது. சூடா குடுக்க முடியலையேன்னு அந்த மனுஷர் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டார், கை நடுங்கிக்கிட்டே. அவருக்கு என்ன கஷ்டம்னு கேட்டேன், அதுக்கு மட்டும் பதில் வரல. டீயைப் பத்தித்தான் வருத்தப்பட்டுக்கிட்டு இருந்தார்."

"குடிச்சீங்களா?"

"முழுசா குடிச்சேன்." மிஸஸ் லாரிமர் கையுறையைக் கழற்றினாள். "மூடின கோப்பு பத்தையும் திறக்கறேன், மிஸ் மக்காஸ்கில். எனக்கு மேல இருக்கறவங்களுக்கு என்ன சொல்றதுன்னு ஃபெர்ரி விடறதுக்குள்ள யோசிச்சுக்கறேன்."

கிறிஸ்துமஸுக்குள் பத்து வீட்டுக்கும் அனுமதி வந்தது. ஆனால் பெட்டிகள் வரவில்லை. புயலுக்கு மேல் புயல் வந்து சரக்குக் கப்பல் அக்கரையிலேயே நின்றது, பொருத்துகிற ஆட்கள் பிப்ரவரியில்தான் வருவார்கள் என்றார்கள். சாலையில் எல்லோருக்கும் சந்தோஷம்தான், ஒரு மாதம் பல்லைக் கடித்தால் போச்சு. மர்டீனாவுக்கு மட்டும் கணக்கு வேறு. புத்தாண்டுக்குள் வீட்டில் சூடு வரவில்லை. வாக்கு வாக்குதான். இதைப் பற்றி டார்கிலிடம்கூட மூச்சுவிடவில்லை. எல்லோருக்காகவும் அலுவலகத்தை எதிர்த்து நின்றவளுக்கு, தன் வாயால் சொன்னதை எதிர்த்து நிற்க வழி தெரியவில்லை.

புத்தாண்டுக்கு மறுநாள் காலையில் முகம் கழுவி, நல்ல கோட்டைப் போட்டு, ஒரே ஒரு பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இஷ்பெல் மகனின் காரை எடுத்துக்கொண்டு தானே ஓட்டி வந்தாள். அவள் இறங்குவதற்குள் மர்டீனா வீட்டைப் பூட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் காருக்குப் பின்னால் போய் நின்றாள். டிக்கியைத் திறந்தாள். வைக்க இடமில்லை. உள்ளே காய்ந்த பீட் மூட்டைகள் அடைத்துக் கிடந்தன. அதன்மேல் இஷ்பெலின் சூட்கேஸ்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் இஷ்பெல்.

"எங்கயா? உன் குடியிருப்புக்கு. வாக்கு குடுத்தேன்ல."

"என்ன வாக்கு?"

"ஆஸ்பத்திரியில. கையைப் பிடிச்சு, புத்தாண்டுக்குள்ள சூடு வரலைன்னா கிளம்பி வர்றேன்னு."

இஷ்பெல் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். தேவாலயத்தில் வேதம் வாசிக்க எழுந்து நிற்பாளே, அதே முகம்.

"நான் அப்படி எதுவும் கேக்கவும் இல்ல, நீ குடுக்கவும் இல்ல. காய்ச்சல்ல கிடந்த, எதையோ உளறியிருப்ப."

"இஷ்பெல். பொய் சொல்றடீ நீ."

"அதை ஞாயித்துக்கிழமை நான் பாத்துக்கறேன்," என்றாள் இஷ்பெல். சூட்கேஸை எடுத்துக் கீழே வைத்தாள், மேல் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். "கதவைத் திற. எந்தத் தோள் வலிக்குது உனக்கு?"

மர்டீனா கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

"வலது," என்றாள்.

"அப்ப இடது கையால பிடி."